ஆஸ்திரேலியாவில் புல்வெளித் தீ ஒரு வருஷம் ஏறி ஒரு வருஷம் இறங்குவது ஏன்?

"ஆஸ்திரேலியாவில் வருஷத்துக்கு எவ்வளவு புல்வெளி எரிகிறது என்று ஒரு வரைபடம் போட்டேன். கோடு மேலும் கீழுமாகத் துள்ளுகிறது. உலகமே பேசிய 2019–20 கோடை அதில் பெரிதாகத் தெரியவே இல்லை. 2011, 2023 இரண்டும் மலை மாதிரி நிற்கின்றன. அந்த வருஷங்களுக்கு முன்னால் நல்ல மழை வேறு பெய்திருக்கிறது. வறட்சியில்தானே தீ அதிகமாக வேண்டும்? தரவு தப்பா, நான் படிப்பது தப்பா? அடுத்த மலை எப்போது வரும்?" இதுதான் கேள்வி.

தரவும் சரி, நீங்கள் படிப்பதும் சரி. வறட்சியில்தான் தீ அதிகம் என்ற எண்ணத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். அது காட்டுக்குப் பொருந்தும், புல்லுக்குப் பொருந்தாது. நான் சில வருஷம் ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் தீ வரைபட வேலையில் இருந்தேன். அங்கே போன புதிதில் எனக்கும் இதே குழப்பம் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடுப்பு எரிய விறகு வேண்டும், அந்த விறகு காய்ந்திருக்கவும் வேண்டும். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் காட்டில் விறகுக்குப் பஞ்சமே இல்லை. மரமும் பட்டையும் சருகும் பல வருஷமாகச் சேர்ந்து கிடக்கின்றன. ஆனால் சாதாரண வருஷங்களில் அது ஈரமாக இருக்கும். கடும் வறட்சி வந்து அந்த ஈரத்தை உறிஞ்சினால்தான் காடு எரியும். நாட்டின் நடுப்பகுதியில் கதை தலைகீழ். அங்கே எதுவும் காய்வதற்குத் தடையே இல்லை. வருஷத்தில் பாதி நாள் வெயில் கொளுத்துகிறது, காற்றில் ஈரமே இருக்காது. இல்லாதது விறகுதான். மழை பெய்தால்தான் அங்கே விறகு முளைக்கும். ஆக, காட்டுக்கு வறட்சி எதுவோ அதுதான் பாலைவனப் புல்லுக்கு மழை.

இதைக் கண்ணால் பார்த்தால் சட்டென்று புரியும். நாட்டின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து வடமேற்கே போகும் தனாமி சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பாருங்கள். செம்மண்ணில் குத்துக் குத்தாக ஒரு புல் நிற்கும். பெயர் ஸ்பினிஃபெக்ஸ். தூரத்திலிருந்து பார்த்தால் முள்ளம்பன்றி சுருண்டு படுத்த மாதிரி இருக்கும். கிட்டப் போய்த் தொட்டால் ஊசி போலக் கையில் ஏறும். ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தப் புல் வளரும் நிலம். இதில் பிசின் இருக்கிறது. அந்தப் பிசினை உருக்கித்தான் பழங்குடி மக்கள் ஈட்டி முனையைக் கம்பில் ஒட்டினார்கள். பிசின் இருப்பதால் இந்தப் புல் பச்சையாக இருக்கும்போதே எரியும். ஒரு குத்தில் தீ வைத்தால் கரும்புகையோடு ஆள் உயரத்துக்கு மேலே ஜ்வாலை எழும்பும், ஒரு நிமிஷம் சடசடவென்று எரியும், அப்புறம் அப்படியே அடங்கிவிடும். ஏன் அடங்குகிறது? அடுத்த குத்துக்கு நடுவே வெறும் மணல். அங்கே எரிய ஒன்றுமில்லை. நல்ல காற்று இருந்தால் ஜ்வாலை சாய்ந்து அடுத்த குத்தைத் தொடும், இல்லையென்றால் அந்த ஒரு குத்தோடு சரி.

அதே இடத்துக்கு இரண்டு வருஷம் நல்ல மழை பெய்த பிறகு போனால் அடையாளமே தெரியாது. குத்துகள் பெருத்திருக்கும். நடுவே இருந்த மணலில் ஒரு வருஷமே வாழும் மெல்லிய புற்கள் முழங்கால் உயரத்துக்கு முளைத்து, பழுத்து, வைக்கோல் நிறத்தில் நிற்கும். தனித்தனி விளக்காக இருந்த குத்துகளை இந்தக் காய்ந்த புல் திரி போலக் கோத்துவிடுகிறது. இப்போது ஒரு மின்னல் விழுந்தால் போதும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் எரியும். மழைக்கும் தீக்கும் நடுவில் ஒன்று அல்லது இரண்டு வருஷ இடைவெளி வருவது இதனால்தான். புல் வளர வேண்டும், காய வேண்டும், அதற்கப்புறம் ஒரு வெப்பமான பருவம் வர வேண்டும்.

இதற்கு மிகப் பெரிய உதாரணம் 1974–75. லா நினா, அதாவது பசிபிக் கடலின் நடுப்பகுதி குளிர்ந்து ஆஸ்திரேலியாவுக்கு மழையைக் கூட்டும் நிலை, வலுத்திருந்த காலம் அது. ஆஸ்திரேலியாவின் நாடளாவிய சராசரி மழை வருஷத்துக்குச் சுமார் 465 மில்லிமீட்டர். 1974இல் 760 மில்லிமீட்டர் பெய்தது. நாட்டின் பதிவேட்டில் அதுவே இன்றுவரை அதிக மழை பெய்த வருஷம். ஜனவரியில் பிரிஸ்பேன் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. பெரும்பாலும் உப்புப் பாளமாகக் கிடக்கும் ஐர் ஏரி கடல் போல நிறைந்தது. பாலைவனம் முழுக்கப் புல். அதைத் தொடர்ந்த தீப் பருவத்தில் சுமார் 11.7 கோடி ஹெக்டேர் எரிந்தது. நாட்டின் மொத்தப் பரப்பில் 15 சதவீதம். ஆனால் எரிந்ததில் பெரும்பகுதி ஊரோ ரோடோ இல்லாத இடம். எவ்வளவு எரிந்தது என்பதே பின்னால் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத்தான் முழுதாகத் தெரிந்தது. இவ்வளவு பெரிய தீ பலருக்கு நினைவில் இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம். எரிந்த இடத்தில் கேமரா இல்லை, அவ்வளவுதான் காரணம்.

உங்கள் வரைபடத்தில் இருக்கும் 2011க்கு வருவோம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 2009இல் மழை 100 மில்லிமீட்டரைக்கூடத் தொடவில்லை. அடுத்த வருஷமே 700ஐத் தாண்டியது. ஒரே ஊர், அடுத்தடுத்த இரண்டு வருஷம், ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். நாடு முழுக்கவே 2010, 2011 இரண்டும் 700 மில்லிமீட்டரை ஒட்டிய வருஷங்கள். அப்போது பெய்த மழையின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் சொல்கிறேன். உலகக் கடல் மட்டம் அந்தச் சமயத்தில் தற்காலிகமாகச் சில மில்லிமீட்டர் இறங்கியது. கடலிலிருந்து ஆவியாகிப் போன நீர் நிலத்தில் தங்கிவிட்டது, அதில் ஆஸ்திரேலியாவின் பங்கு பெரிது. நடு ஆஸ்திரேலியாவின் ஆறுகள் கடலில் கலப்பதில்லை. உள்ளே பெய்த மழை உள்ளேயே நிற்கும். 2011இல் உலகத் தாவரங்கள் வழக்கத்துக்கு மேல் உறிஞ்சிய கார்பன் என்னும் கரியில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலிய நிலத்தால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தக் கரி எங்கே போயிற்று? புல்லாக நின்றது. 2011இன் பிற்பாதியில் அதில் ஒரு பெரும் பகுதி புகையாகத் திரும்பிப் போனது.

இப்போது 2019. அது ஆஸ்திரேலியாவின் பதிவேட்டில் மிக வெப்பமான வருஷம், மிக வறண்ட வருஷமும்கூட. நாட்டுச் சராசரி மழை 277 மில்லிமீட்டர். தென்கிழக்கில் மூன்று வருஷ வறட்சி காட்டை உலர்த்திவிட்டது. 2019–20 கோடையில் நடந்ததை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 33 பேர் நேரடியாகத் தீயில் இறந்தார்கள், 3,000 வீடுகளுக்கு மேல் அழிந்தன. அது காட்டுத் தீ. அதே சமயம் உள்நாட்டுப் பாலைவனத்தின் பெரும்பகுதியில் மேய்வதற்கே புல் இல்லை, அப்புறம் எரிவதற்கு ஏது? உங்கள் அட்டவணையில் புல்வெளிப் பத்தி அந்த வருஷம் அடங்கிக் கிடப்பது இதனால்தான். தரவு பொய் சொல்லவில்லை. அந்தத் துயரம் வேறு பத்தியில் இருக்கிறது.

2020இலிருந்து மூன்று வருஷம் தொடர்ந்து லா நினா. கிழக்குக் கரையில் வெள்ளத்துக்கு மேல் வெள்ளம். உள்நாட்டில் புல்லுக்கு மேல் புல். 2023இல் மழை நின்றது, புல் காய்ந்தது. அந்த வருஷம் வடக்கிலும் நடுவிலும் இருக்கும் பாலைவனம், சவன்னா (மரங்கள் ஆங்காங்கே நிற்கும் புல்வெளி) இரண்டும் சேர்ந்து 8 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. 2019–20 பருவத்தில் நாடு முழுக்க எரிந்ததாக, அதை விசாரித்த அரச ஆணையம் சொன்ன கணக்கு 2.4 கோடி ஹெக்டேர் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். 2023இன் தீகளில் வட பிரதேசத்தின் பார்க்லி பகுதியில் எரிந்தது மட்டும் 20 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. டெனன்ட் கிரீக் ஊர் வரை அது நெருங்கி வந்தது. மாடு மேய்க்கும் பெரிய பண்ணைகளின் பல மாதத் தீவனம் அதில் போனது.

ஏறிய கோடு அடுத்த வருஷம் ஏன் அப்படி விழுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. தீ தன் விறகைத் தானே தின்றுவிடுகிறது. எரிந்த ஸ்பினிஃபெக்ஸ் நிலம் மறுபடி எரியும் அளவுக்கு வளர, மழையைப் பொறுத்து ஏழெட்டு வருஷமும் ஆகலாம், இருபது வருஷமும் ஆகலாம். பெரிய தீ வருஷம் வந்து போனால் அந்தப் பகுதி நீண்ட நாளைக்கு ஓய்வில் இருக்கும். அதனால் இந்த வருஷ மழையை இந்த வருஷத் தீயோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. முந்தைய இரண்டு மூன்று வருஷ மழையைக் கூட்டி, கடைசியாக அந்த நிலம் எப்போது எரிந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோட்டின் துள்ளல் விளங்கும்.

இதுவரை சொன்னது நடுவிலுள்ள பாலைவனம். வடகரையிலுள்ள டார்வின் நகரத்தின் பக்கம் போனால் வேறு உலகம். அங்கே வருஷத்துக்குச் சுமார் 1,700 மில்லிமீட்டர் மழை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கொட்டும், மே முதல் வறண்டுவிடும். காட்டுச் சோளப் புல் இரண்டு ஆள் உயரத்துக்குக்கூட நிமிர்ந்து நிற்கும். மழைக்காலக் கடைசியில் வரும் புயல்காற்று அதைச் சாய்த்துப் பாய் விரித்தது போல ஆக்கிவிடும். புல்லைச் சாய்த்துப்போடும் புயல் என்ற பொருளில்தான் ஊர்க்காரர்கள் அதைச் சொல்வார்கள். விறகு அங்கே வருஷா வருஷம் தவறாமல் முளைக்கிறது, வருஷா வருஷம் தவறாமல் காய்கிறது. ஆகவே தீயும் வருஷா வருஷம் உண்டு. பல இடங்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எரிகின்றன. உங்கள் வரைபடத்தில் வடக்கை மட்டும் தனியாகப் பிரித்துப் போட்டால் கோடு இவ்வளவு துள்ளாது. துள்ளுவதெல்லாம் பாலைவனம். வடக்கில் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு எரிந்தது என்பதல்ல, எந்த மாதம் எரிந்தது என்பது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தெற்கில் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா மாநிலங்களில் உள்ள மேய்ச்சல் நிலமும் கோதுமை வயலும் மூன்றாவது வகை. பரப்பில் இவை சிறியவை, உங்கள் வரைபடத்தில் புள்ளியாகக்கூடத் தெரியாது. ஆனால் ஆட்கள் இருக்கும் இடம் இது. வசந்தத்தில் நல்ல மழை பெய்து புல் அடர்ந்து, டிசம்பருக்குள் பழுத்துக் காய்ந்தால் ஆபத்து ஜனவரியில். 1969 ஜனவரி 8ஆம் தேதி மெல்பர்ன்–ஜீலாங் நெடுஞ்சாலையில் லாரா என்ற ஊருக்கு அருகே புல் தீ சாலையைக் கடந்தது. வண்டியை விட்டு இறங்கி ஓடியவர்கள் உட்பட 17 பேர் அங்கே இறந்தார்கள். 2005 ஜனவரி 11 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவின் ஐர் தீபகற்பத்தில் வாங்கரி தீ 9 பேரைப் பலி வாங்கியது.

புல் தீ எவ்வளவு வேகமாக வரும் என்று அங்கே தீயணைப்புத் தொண்டர்களுக்கு ஒரு எளிய கணக்குச் சொல்லித் தருகிறார்கள். புல் முழுக்கக் காய்ந்திருந்தால், காற்றின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றென்றால் தீ 12 கிலோமீட்டர் வேகத்தில் வரும். மனிதன் சமதளத்தில் வியர்த்து ஓடும் வேகம் அது. புகையில், முள்ளில், பயத்தில் அந்த ஓட்டம் யாராலும் முடியாது. புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதையும் அவர்கள் கண்ணால் மதிப்பிடுகிறார்கள். ஒரு பிடி புல்லைப் பறித்து எத்தனை தாள் பச்சை, எத்தனை தாள் வெளுப்பு என்று பார்ப்பார்கள். பாதிக்கு மேல் பச்சையாக இருந்தால் தீ ஓடாது. எழுபது, எண்பது சதவீதம் வெளுத்துவிட்டால் ஒரு வாரத்தில் நிலைமை மாறிவிடும். இந்தக் கைப்பிடிப் புல்லின் கணக்கு வாராவாரம் எழுதி அனுப்பப்பட்டு, செயற்கைக்கோள் கணக்கோடு சேர்ந்து அன்றைய தீ அபாய அறிவிப்பாக வெளிவருகிறது. 2022 செப்டம்பரில் வந்த புதிய தேசிய அபாய முறையில் காடு, புல்வெளி, ஸ்பினிஃபெக்ஸ், சவன்னா என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வைத்தார்கள். இது நல்ல மாற்றம். காட்டுக்கு எழுதிய சூத்திரத்தைப் புல்லுக்கும் போட்டால் தப்பான விடைதான் வரும்.

சரி, எல்லாம் வானத்தின் கையில்தானா? இல்லை. எனக்கு இந்தக் கேள்வியில் மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

மேற்குப் பாலைவனத்தில் மார்ட்டு என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெண்கள் குளிர்காலத்தில் உடும்பு வேட்டைக்குப் போகும்போது ஸ்பினிஃபெக்ஸுக்குத் தீ வைப்பார்கள். புல் எரிந்து தரை வெளுத்தால் மணலில் உடும்பின் வளை வாய் தெரியும். கம்பால் குத்தித் தோண்டி எடுப்பார்கள். ஒரு தடவைக்கு எரிவது சிறிய துண்டு நிலம். அடுத்த தடவை வேறொரு துண்டு. இப்படி எரிந்து எரிந்து நிலம் முழுக்கப் பல வயதுப் புல் ஒட்டுத்துணி போலப் பரவிக்கிடக்கும். பூவுக்கு அரும்பு, மொட்டு, மலர், செம்மல் என்று நாம் பருவம் பருவமாகப் பெயர் வைத்தது போல, எரிந்த நிலத்துக்கு அவர்கள் வைத்திருக்கிறார்கள். இப்போதுதான் எரிந்து கருகியது நியூர்ன்மா. மழை பெய்து பச்சை துளிர்த்தது வாருவாரு. விதையும் கனியும் தரும் செடிகள் நிறைந்தது நியூகூரா. ஸ்பினிஃபெக்ஸ் மறுபடி வளர்ந்து தீ ஓடும் அளவுக்கு வந்தது மங்கூ. நடுவில் செத்துக் கூடாகிப்போன கிழட்டுப் புல் குனார்கா. ஒரு நிலத்தைப் பார்த்ததும் அது எத்தனை வருஷத்துக்கு முன் எரிந்தது, அங்கே என்ன கிடைக்கும், இன்று தீ வைத்தால் எங்கே போய் நிற்கும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது.

ரெபெக்கா ப்ளீஜ் பர்ட், டக்ளஸ் பர்ட் இருவரும் மார்ட்டு மக்களோடு பல வருஷம் இருந்து ஆய்வு செய்தவர்கள். அவர்கள் குழு 2012இல் வெளியிட்ட முடிவு உங்கள் கேள்விக்கு நேரான விடை. மின்னலால் மட்டுமே எரியும் இடங்களில் மழை கூடினால் தீயின் அளவும் எகிறுகிறது. மார்ட்டு மக்கள் வேட்டையாடும் இடங்களில் அந்த எகிறல் அடங்கிவிடுகிறது. மழை எவ்வளவு மாறினாலும் தீகள் சிறியதாகவே இருக்கின்றன, ஏனென்றால் எந்தத் தீயும் கொஞ்ச தூரத்தில் போன வருஷம் எரிந்த ஒரு துண்டில் முட்டி நின்றுவிடும். அப்படியானால் வரைபடத்தின் துள்ளல் இயற்கையின் குணம் மட்டுமல்ல. ஆட்கள் நிலத்தை விட்டுப் போனதன் அடையாளமும்கூட. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பாலைவன மக்கள் பலர் மிஷன்களுக்கும் பண்ணைகளுக்கும் குடியேற்றப்பட்டார்கள். மேற்குப் பாலைவனத்தின் ஒரு பகுதியை 1953இல் விமானத்திலிருந்து எடுத்த படங்களை, ஆட்கள் போன பிறகு எடுத்த செயற்கைக்கோள் படங்களோடு ஆய்வாளர் நீல் பரோஸ் ஒப்பிட்டார். முந்தையதில் சிறு சிறு துண்டுகள் நெருக்கமாக இருந்தன. பிந்தையதில் அவை மறைந்து, ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கொண்ட ஒற்றைத் தழும்புகள் வந்துவிட்டன. நான் இந்த இரண்டு வகைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வசித்துக்கொண்டிருந்த வீட்டையும் பூட்டிக் கிடந்த வீட்டையும் பார்த்த மாதிரி இருந்தது.

இதைத் திருப்பவும் முடியும் என்பதற்கு வடக்கில் சாட்சி இருக்கிறது. டார்வினுக்குக் கிழக்கே இருக்கும் அர்ன்ஹெம் லாண்டின் மேற்குப் பகுதியில் மக்கள் போன பிறகு தீ எல்லாம் செப்டம்பர், அக்டோபரில் வந்தது. அந்த மாதங்களில் புல் முழுக்கக் காய்ந்திருக்கும், காற்று தென்கிழக்கிலிருந்து சூடாக அடிக்கும், இரவில்கூட அணையாது. மே, ஜூனில் தீ வைத்தால் அப்படி இல்லை. புல்லின் அடி இன்னும் பச்சை, இரவில் பனி இறங்கும். மாலையில் ஓடிக்கொண்டிருந்த தீ எட்டு மணிக்குத் தவழும், விடிவதற்குள் கங்காகி அடங்கும். மரத்தின் உச்சி கருகாது. பகல் முழுக்கத் தீ முனைக்கு மேலே பருந்துகள் வட்டமடிக்கும், வெளியே ஓடிவரும் வெட்டுக்கிளிக்கும் பல்லிக்கும் காத்திருந்து பாயும். எரியும் குச்சியைக் காலில் கவ்விக்கொண்டு போய் வேறிடத்தில் போட்டுத் தீயைப் பரப்பும் பருந்தை அங்கத்திய மக்கள் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 2017இல் அந்தச் சாட்சியங்கள் ஒரு ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தன.

குன்விஞ்கு மொழி பேசும் பெரியவர் பார்டயல் லாஃப்டி நஜாமெரெக், ஓவியராகவும் பெயர் பெற்றவர், தம் ஊர்ப்பக்கம் ஆட்கள் திரும்ப வேண்டும், பழையபடி குளிர்காலத்திலேயே தீ வைக்க வேண்டும் என்று விடாமல் சொன்னவர். விஞ்ஞானிகளும் ரேஞ்சர்களும் அவரோடு சேர்ந்ததில் 2006இல் மேற்கு அர்ன்ஹெம் தீத்தணிப்புத் திட்டம் உருவானது. பரப்பு சுமார் 28,000 சதுர கிலோமீட்டர். டார்வினில் இருக்கும் திரவ இயற்கை எரிவாயு ஆலை தன் கரி வெளியேற்றத்துக்கு ஈடாக இதற்குப் பணம் தந்தது. திட்டத்துக்கு முன்னால் அந்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொரு வருஷமும் வறட்சிக் காலக் கடைசியில் எரிந்தது. அது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. முன்பருவத் தீ அதற்கு ஈடாகக் கூடியது. மொத்தமாக எரிந்த பரப்பு மிகவும் குறைந்துவிடவில்லை, ஆனால் புகையில் போகும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. வடக்கில் மாதத்தைக் கேட்க வேண்டும் என்று நான் மேலே சொன்னது இதற்காகத்தான். வருஷ மொத்தத்தை மட்டும் பார்த்தால் இவ்வளவு பெரிய மாற்றம் கண்ணில் படாமலே போயிருக்கும். இன்று பாலைவனத்திலும் பழங்குடி ரேஞ்சர்கள் குளிர்மாதங்களில் ஹெலிகாப்டரிலிருந்து சிறு தீக்குண்டுகளைப் போட்டு நிலத்தைத் துண்டு துண்டாக எரித்து வைக்கிறார்கள்.

எதிர்த்திசையில் இழுக்கும் விஷயம் ஒன்று உண்டு: வெளியூர்ப் புல். ஆப்பிரிக்காவிலிருந்து மாட்டுத் தீவனத்துக்காகக் கொண்டுவந்த கம்பா புல் டார்வின் பக்கம் 4 மீட்டர் வரை வளர்கிறது. உள்ளூர்ப் புல்லைவிடப் பல மடங்கு உக்கிரமாக எரிந்து மரங்களையே கொல்கிறது. நடுவில் பஃபெல் புல். ஒட்டகச் சேணத்துக்குள் அடைத்த பொதியோடு 1870களில் வந்ததாகச் சொல்வார்கள். பிற்பாடு புழுதியை அடக்கவும் மாட்டுக்காகவும் வேண்டுமென்றே விதைத்தார்கள். இது ஆற்றங்கரைகளிலும் மலையடிவாரங்களிலும் இடைவெளியே விடாமல் நிரம்புகிறது, எரிந்தால் சில வாரத்தில் மறுபடி துளிர்க்கிறது. மழை வருஷத்துக்குக் காத்திருக்கும் பழைய தாளத்தை இது உடைக்கிறது. 2019 ஜனவரியில், கடும் வறட்சியின் நடுவிலேயே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே தியோரித்யா தேசியப் பூங்காவின் பெரும் பகுதி எரிந்ததற்கு இந்தப் புல்தான் வழி செய்தது. சிற்றாற்று மணலில் நூற்றாண்டுகளாக நின்ற ஆற்று யூகலிப்டஸ் மரங்கள் அடியில் துளைபட்டுக் கருகி விழுந்து கிடந்தன. வட பிரதேச அரசு பஃபெலைக் களை என்று அறிவித்தது 2024இல்தான். ரொம்பத் தாமதம் என்பது என் கருத்து.

உங்கள் வரைபடத்துக்குச் சில நடைமுறை யோசனைகள். முதலில் வருஷக் கணக்கு. வடக்கின் தீப் பருவம் மே முதல் நவம்பர் வரை, ஒரே காலண்டர் வருஷத்துக்குள் முடிந்துவிடும். தெற்கின் கோடை டிசம்பரில் தொடங்கி அடுத்த வருஷத்துக்குள் நீளும். காலண்டர் வருஷத்தால் வெட்டினால் தெற்கின் ஒரே பருவம் இரண்டாகப் பிளந்துவிடும். தெற்குக்கு ஜூலையிலிருந்து ஜூன் வரை கணக்கு வையுங்கள். அடுத்தது, புல்வெளி என்ற சொல். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அட்டவணையில் சவன்னா, மரம் கலந்த சவன்னா, புதர்நிலம், புல்வெளி எல்லாம் தனித்தனி வரிசை. செயற்கைக்கோளின் நிலவகை வரைபடம் ஸ்பினிஃபெக்ஸ் நிலத்தைப் பல இடங்களில் புதர்நிலம் என்று எழுதிவிடும். புல்வெளி வரிசையை மட்டும் எடுத்தால் பாலைவனத் தீயில் பாதி கைநழுவும். எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது, 2000க்கு முந்தைய எண்கள். தீயையும் எரிந்த நிலத்தையும் படமெடுக்கும் மோடிஸ் கருவி ஏந்திய செயற்கைக்கோள் 1999 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. அதற்குப் பிறகுதான் வட ஆஸ்திரேலியாவின் தீத் தழும்புகளை 250 மீட்டர் அளவில் தொடர்ச்சியாக வரைகிறார்கள். 1974–75 எண்ணை அதே கோட்டில் இணைக்காமல் தனிப் புள்ளியாக வையுங்கள்.

வேறு நாடுகளோடு ஒப்பிட ஆசை வந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 1998 முதல் 2015 வரை உலக அளவில் எரியும் பரப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. அதில் பெரும் பங்கு ஆப்பிரிக்காவின் சவன்னாக்களில் உழவும் மேய்ச்சலும் பரவியதால் வந்தது. அங்கே கோடு மெல்ல இறங்குகிறது. ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு நிதானமான சரிவைத் தேடினால் கிடைக்காது, இருபது வருஷத் தரவில் இரண்டு மூன்று பெரிய அலைகள்தான் இருக்கும். அந்த அலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்காமல் சராசரிக் கோடு ஒன்றை இழுத்தால், தொடங்கிய வருஷத்தைப் பொறுத்து ஏறுவதாகவும் காட்டலாம், இறங்குவதாகவும் காட்டலாம்.

அடுத்த மலை எப்போது வரும் என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், டெனன்ட் கிரீக் இரண்டு ஊர்களின் மாத மழையை எடுத்து, கடந்த 24 மாதத்தைக் கூட்டி, உங்கள் கோட்டுக்கு அடியில் இன்னொரு கோடாகப் போட்டுப் பாருங்கள். அது வழக்கத்தைவிட நன்றாக மேலே போய், பிறகு ஒரு வறண்ட குளிர்காலம் வந்தால், அந்த ஆகஸ்டிலிருந்து தீ வரைபடத்தைத் தினமும் திறந்து பாருங்கள். 2023இல் எரிந்த இடங்களின் எல்லையையும் அதன் மேல் பரப்பி வையுங்கள். தீ அந்த விளிம்பில் வந்து நிற்கிறதா, தாண்டுகிறதா என்பதை வைத்தே அந்தப் புல் எவ்வளவு தூரம் திரும்ப வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.